தண்ணிப் பல்லிக்குத் தாய் வீடு

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது பதின்மூன்று. அதில் ஐந்துதான் மனிதப் பிறவி. மீதி எட்டும் தண்ணீரில் பிறந்தவை. ஐந்தை வளர்த்ததற்கு இதுவரை யாரும் என்னை ஒரு வார்த்தை மெச்சியதில்லை. எட்டை வளர்த்ததற்கு என் மகனுடைய ஆபீசிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் போன் செய்து, "சூப்பர் ஆன்ட்டி" என்றாள். நான் எந்த வழியில் உனக்கு ஆன்ட்டி என்று கேட்க வாய் வரை வந்தது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த எட்டைப் பற்றி இல்லை. அவற்றைப் பெற்றவளைப் பற்றி. ஒரே மாதத்தில் இரண்டு தடவை முட்டை போட்டு, தின்பதை நிறுத்தி, வயிறு ஒட்டிப்போய் ஒரு மூலையில் கிடந்தாளே, அவள் பிழைப்பாளா மாட்டாளா என்று நான் பட்ட பாட்டைப் பற்றி. வீட்டில் மற்ற எல்லோரும் படித்தவர்கள். அவர்களுக்கு வேறு பெரிய கவலைகள் இருந்தன.

என் மகன் இருப்பது வானகரத்தில், அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. அவனுக்கும் கம்ப்யூட்டர் வேலை, மருமகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை. பேத்தி ஐந்தாவது படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கதவைத் திறக்க ஆள் வேண்டுமே, அதற்காக நான் திங்கள் முதல் வெள்ளி வரை வானகரம். சனி ஞாயிறு என் சொந்த வீடு. அது அண்ணனூரில், ரயில் ஷெட்டுக்குப் பின்னால். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. காலமாகிவிட்ட என் வீட்டுக்காரர் பாடியில் பாக்டரி ஷிப்டுக்குப் போயும், நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் சட்டைக்குப் பிசிறு வெட்டியும் கட்டியது. தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைத் தேடித் தேடி வெட்டுவதுதான் பிசிறு. இருபத்தாறு வருஷம். என் கை தாண்டி ஒரு நூல் வெளிநாடு போனதில்லை.

பேத்தியின் பிறந்தநாளுக்கு என் மகன் கொளத்தூர் போய், மீன் கடையிலிருந்து இரண்டு பிராணியை வாங்கிக்கொண்டு வந்தான். ஆக்ஸலாட்டல் என்று அதற்குப் பேர். ஒரு பல்லியைத் தோலுரித்து, வெந்நீரில் முக்கியெடுத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று சிவப்பு இறகைச் செருகினால் எப்படி இருக்குமோ அப்படி. கண்ணுக்கு இமை கிடையாது. வாய் மட்டும் எந்நேரமும் சிரித்தபடி இருக்கும். நான் பார்த்தவுடனே தண்ணிப் பல்லி என்றேன். அன்றிலிருந்து என் வாயில் அதுதான்.

"ஏம்மா, இது மெக்சிகோ நாட்டு ஏரில இருக்கறது. இப்ப அங்கயே இல்லாமப் போயிட்டு வருதாம். அவ்ளோ அபூர்வம்" என்றான் மகன்.

"அப்ப அங்கயே உட வேண்டியதுதானடா? இங்க இன்னாத்துக்கு இட்டுகினு வந்த?"

அவன் தொட்டிக்கு ஏசி மாட்டிக்கொண்டிருந்தான். மெய்யாகவே ஏசிதான், சில்லர் என்கிறார்கள். தண்ணீர் சூடேறினால் அதற்கு ஆகாதாம். அண்ணனூரில் என் தலைக்கு மேல் சுற்றும் பேன் மூன்றாம் நம்பருக்கு மேல் வைத்தால் ஆட ஆரம்பிக்கும். அதை இவனிடம் சொல்லி இரண்டு வருஷமாகிறது. சரி, நான் அபூர்வம் இல்லையே.

"ரெண்டும் ஆம்பளதான் சார், எழுதி வேணா தரேன்" என்று கடைக்காரர் சொன்னாராம். குட்டி போடுகிற தொல்லை வேண்டாம் என்று இவன் கேட்டுத்தான் வாங்கினான். விரல் நீளக் குட்டியில் ஆண் பெண் கண்டுபிடிக்க முடியாது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைக்காரருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

ஒரு வருஷம் போனது. ஒன்று ஒல்லியாகவே இருந்தது. இன்னொன்றுக்கு வயிறு இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு வந்தது.

"ஓவர் பீடிங்" என்றான் மகன். "யாரு எக்ஸ்ட்ரா போடறது?" என்று கேட்டுவிட்டு, வீட்டில் நான்கு பேர் இருக்க என்னை மட்டும் பார்த்தான்.

"டேய் நைனா, அது வயித்துல கீதுடா."

"ரெண்டும் ஆம்பளம்மா. கடைக்காரரே சொன்னாரு."

"அவன் எத்தினி பிரசவம் பாத்தவன்? நான் அஞ்சு பாத்தவ. அதுல ஒண்ணு நீ."

சிரித்தான். சிரித்துவிட்டு தீனியைப் பாதியாகக் குறைத்தான். வாயும் வயிறுமாக இருந்தவளுக்கு டயட் வைத்த புண்ணியவான் என் மகன்.

கார்த்திகை மாதம் ஒரு அடைமழை நாள். மகனும் மருமகளும் ஆபீசில் மாட்டிக்கொண்டார்கள். பிற்பகலில் கரண்ட் போனது. அடுக்குமாடியின் ஜெனரேட்டர் லிப்டுக்கும் ஒரு லைட்டுக்கும்தான் வரும்; தண்ணிப் பல்லியின் ஏசிக்கு வராது. மகன் போன் செய்தான்.

"அம்மா, பிரீசர்ல ஐஸ் பாட்டில் இருக்கு. ஒண்ணே ஒண்ணு எடுத்து தொட்டில மெதக்க உடு. ஒண்ணு மட்டும். புரியுதா?"

புரிந்தது. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பட்டையில் சூடு எவ்வளவு என்று நம்பர் தெரியும். எழுத்துதான் எனக்குக் கூட்டிக் கூட்டி வரும். நம்பர் நன்றாகவே வரும். இருபத்து நான்கு காட்டியது. ஒரு பாட்டில் போட்டேன். அரை மணி நேரமாகியும் நம்பர் அசையவில்லை. இரண்டும் அடியில் சோர்ந்து கிடந்தன. ஒரு பாட்டிலுக்கு இவ்வளவுதான் என்றால் நான்குக்கு நன்றாக இருக்குமே என்று மிச்சம் மூன்றையும் போட்டேன். ஐஸ் தட்டைக் கவிழ்த்தேன். பிரிட்ஜில் குடிக்க வைத்திருந்த ஜில் தண்ணீரையும் இரண்டு ஜக்கு ஊற்றினேன். நம்பர் இறங்கிற்று பாருங்கள், இருபது, பதினெட்டு, பதினைந்து. இரண்டும் துள்ளி எழுந்தன. என் வைத்தியத்தை நானே மெச்சிக்கொண்டு டீ போட்டுக் குடித்தேன்.

வேண்டுமென்று குட்டி எடுக்கிறவர்கள் இப்படித்தான் திடுமெனத் தண்ணீரைக் குளிர வைப்பார்களாம். மழைக்காலம் வந்துவிட்டது என்று அதுகளுக்குத் தோன்றுமாம். ஆக அன்றைக்கு முகூர்த்தம் குறித்தது சாட்சாத் நான்தான். இதை என் மகன் இன்றுவரை யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஆட்டம் ஆரம்பித்தது. ஒல்லியாக இருந்தவன் அவள் வயிற்றுக்கடியில் மூக்கை விட்டு முட்டினான். முட்டிவிட்டு முன்னால் போய், வாலை உயர்த்தி, இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நடந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

"ஆயா, ரெண்டும் சண்ட போடுதுங்க!" என்று பேத்தி ஓடி வந்தாள்.

"சண்ட இல்ல. நீ கண்ண மூடிக்க."

"அதுங்களே மூடல, நான் ஏன் மூடணும்?"

அதுகளுக்கு இமையே இல்லை என்பதால் நான் தோற்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அவன் நடந்த வழியெல்லாம் தரையில் எதையோ வைத்துவிட்டுப் போயிருந்தான். அரிசி நொய்யை விடக் கொஞ்சம் பெரிசு. அடி கண்ணாடி மாதிரி, நுனி வெள்ளை. அழுக்கு என்று நினைத்துக் குழாய் போட்டு உறிஞ்சி எடுக்கப் போனேன். பேத்தி கையைப் பிடித்தாள். போனில் தேடிப் படித்தாள்.

"ஆயா, ஆண் இத கீழ வெச்சிட்டுப் போயிடுமாம். பெண்தான் பின்னாடியே வந்து எடுத்துக்கணுமாம். அப்பதான் முட்ட வருமாம்."

எனக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. சட்டையை ஒரு இடத்தில், துண்டை ஒரு இடத்தில், டிபன் பாக்ஸ் மூடியை ஒரு இடத்தில் போட்டுவிட்டுப் போகிறவர்களையும், பின்னாலேயே குனிந்து பொறுக்குகிறவர்களையும் பார்த்தவள் நான். அதிலிருந்தும் பிள்ளைகள் பிறக்கத்தான் செய்தன. அன்றிலிருந்து அவனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தேன்.

மறுநாள் காலையில் முட்டை. மொத்தமாகக் கொட்டிவிடுகிற ஜாதி இல்லை இது. பிளாஸ்டிக் செடியின் ஒவ்வொரு இலையாகப் பின்னங்காலால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஒட்டுகிறாள். இலையில், குழாயில், கண்ணாடியில். ஒவ்வொன்றும் ஜவ்வரிசி வெந்த பதம், நடுவில் கடுகு போல ஒரு புள்ளி. நடுவில் இளைப்பாறுவாள், மறுபடி எழுவாள். அன்று முழுக்க, மறுநாள் பாதி. முந்நூறு வரைக்கும் எண்ணினேன், அதற்கு மேல் கண் வலித்தது. மாப்பிள்ளை என்ன செய்தான்? அவள் ஒட்டிக்கொண்டே போக, இவன் பின்னாலேயே தின்றுகொண்டே வந்தான்.

வெள்ளம் வடிந்து மகன் வந்து பார்த்தான். அப்படியொரு சந்தோஷம். தொட்டி முன்னால் நின்று, "கலக்கிட்டடா மச்சான்!" என்று மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னான். ஒன்றரை நாள் பாடுபட்டவள் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கே ஆபீசில் இருபது பேருக்கு ஆளுக்கு ஒரு குட்டி என்று வாக்குக் கொடுத்தான். வளர்க்க முடியாத முட்டையை ஆரம்பத்திலேயே பிரீசரில் வைத்து முடித்துவிடுவதுதான் நியாயம் என்று மருமகள் படித்துச் சொன்னாள். இருபது பேரிடம் வாக்குக் கொடுத்த மனிதன் கேட்பானா? முட்டை ஒட்டிய செடிகளைப் பிடுங்கி, பிரியாணி வந்த டப்பாக்களில் தண்ணீர் விட்டு, பால்கனி ஓரம் வரிசையாக வைத்தான்.

"முட்டைய எடுத்துட்ட, சரி. அவள எப்ப எடுக்கப்போற?" என்றேன்.

"எதுக்கு?"

"பெத்த ஒடம்புடா. அவன் சும்மா உடுவானா?"

"தனியா வெச்சா லோன்லியா பீல் பண்ணும்மா."

பதினெட்டு நாள் அந்த டப்பாக்களைப் பார்த்துக்கொண்டது நான். கரு பிடிக்காத முட்டை வெள்ளையாகி, பஞ்சு மாதிரி பூசணம் பூக்கும். அதை அன்றன்றைக்கே எடுக்காவிட்டால் பக்கத்து முட்டைக்கும் பரவும். பிசிறு பார்த்த கண் எனக்கு. ஸ்பூனை வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் எடுத்தேன். புள்ளி அவரைவிதை போல நீண்டது, பிறகு வால் வந்தது, பிறகு உள்ளேயே சுருண்டு சுருண்டு திரும்பிற்று. பொரிந்து வெளியே வந்தபோது கண்ணிமை மயிர் அளவு. இருநூறுக்கு மேல் இருக்கும்.

இனி நான் செய்த தப்பையும் எழுதித்தான் ஆகவேண்டும். குஞ்சுக்கு அசைகிற உயிர்த் தீனிதான் வேண்டும். உப்புத் தண்ணீரில் ஒரு பூச்சியைப் பொரிய வைத்து அதைத்தான் போடவேண்டும் என்று மகன் பாட்டிலும் குழாயுமாக ஏற்பாடு செய்துவிட்டு ஆபீஸ் போனான். அந்தப் பூச்சி பொரியவே இல்லை. மூன்று நாளாக இருநூறு பிள்ளைகளும் வெறும் வாயோடு இருப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? ஐந்து பிள்ளைகளுக்கும் ஆறாம் மாதம் நான் ஊட்டியது கேழ்வரகுக் கஞ்சிதான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெல்லிய துணியில் வடிகட்டி, நன்றாக ஆறவைத்து, டப்பாவுக்கு அரை ஸ்பூன் விட்டேன்.

மறுநாள் தண்ணீர் புளித்து நாறிற்று. முக்கால்வாசி போய்விட்டன. மகன் உயிரோடு இருந்தவற்றை ஸ்பூனில் எடுத்துக்கொண்டு, டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கொட்டினான். அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மிச்சம் இருந்தவை, அப்புறம் ஒருவழியாகப் பொரிந்த பூச்சியைத் தின்று வளர்ந்தன. பூச்சி போதாதபோது ஒன்றின் காலை ஒன்று தின்று வளர்ந்தன. போன கால் மறுபடி முளைத்துவிடுமாம். போன தலை முளைக்காது. கடைசியில் தேறியவை எட்டு. அந்த எட்டையும் நான் தனித்தனி டப்பாவில் பிரித்து வைத்ததால் தேறின. அதற்குத்தான் அந்த சூப்பர் ஆன்ட்டி.

இந்தக் கூத்தில் பெற்றவளை யார் கவனித்தார்கள்? குஞ்சு பொரிந்த அதே வாரம் மாப்பிள்ளை மறுபடி வாலை ஆட்டினான். தொட்டியில் ஒளிய ஒரு பானை ஓடு, அதற்குள்ளும் மூக்கை விட்டான். இரண்டாவது தடவையும் முட்டை வைத்தாள், முன்னைவிடக் குறைவு. அதற்குப் பிறகு அவள் தின்னவில்லை. தலை பெரிதாகவும் உடம்பு குச்சியாகவும் ஆயிற்று. இறகு மாதிரி இருக்கும் செவுள் முன்பக்கமாக மடங்கிற்று, வால் நுனி சுருண்டது. அது நோவு வந்ததற்கு அடையாளம் என்று பேத்தி படித்துச் சொன்னாள். படிக்காமலே எனக்குத் தெரிந்தது. வாய் மட்டும் அப்போதும் சிரித்தபடியே இருந்தது. அந்த வாயின் அமைப்பு அப்படி.

மகனிடம் சொன்னேன். அவன், "எட்டுதாம்மா தேறிச்சு, இருபது பேருக்குச் சொல்லியிருக்கேன். இன்னொரு ரவுண்டு ஆனா கரெக்டா இருக்கும். இந்தத் தடவ கஞ்சி மட்டும் ஊத்தாத" என்றான்.

கஞ்சியைச் சொன்னான், பொறுத்துக்கொண்டேன். இன்னொரு ரவுண்டு என்றான் பாருங்கள், அதைப் பொறுக்க முடியவில்லை. இன்னொரு தடவை முட்டை வைத்தால் அவள் செத்துப்போவாள். அந்த வெள்ளிக்கிழமை, மாவு வாளியை நன்றாகக் கழுவி, தொட்டித் தண்ணீரையே மொண்டு, அவளை வலையில் ஏந்தி அதில் விட்டு, மூடி போட்டு, ஒரு ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி வாளியோடு அணைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்தேன். பிள்ளை பெற்றவளை மூன்று மாதமாவது தாய் வீட்டில் வைத்துப் பார்த்து அனுப்புவதுதான் எங்களில் வழக்கம். அவள் தாய் வீடு மெக்சிகோவில். என்னால் அண்ணனூர் வரைக்கும்தான் முடியும்.

"இன்னாம்மா வாளில, மீனா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பெத்த ஒடம்பு. பள்ளம் பாத்து ஓட்டு."

சிக்னலில் திரும்பி மூடியைத் தூக்கிப் பார்த்தார். சட்டென்று மூடியைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஆனால் பள்ளம் பார்த்துத்தான் ஓட்டினார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மகன் போன்.

"அம்மா! தொட்டில ஒண்ணக் காணோம்!"

"தாய் ஊட்டுக்குப் போய் கீறா."

"யாரோட தாய் வீடு?"

"என் ஊடுதான். அவளுக்கு இந்த ஊர்ல வேற யாரு கீறா?"

"அங்க சில்லர் இல்லம்மா! செத்துடும்!"

"அங்க இருந்தாலும் செத்துடும். இங்க செத்தா நிம்மதியா சாவா" என்று போனை வைத்துவிட்டேன். இனி அவள் தேறும்வரை நான் வானகரம் போவதாயில்லை; பேத்தி எதிர் வீட்டில் சாவி வாங்கிக் கதவைத் திறந்துகொள்ளட்டும், எட்டுக்கும் தீனி போடட்டும். வீராப்பாகத் தூக்கி வந்தாயிற்று, காப்பாற்ற வேண்டுமே.

மார்கழிக் குளிர் இருந்தது, அது ஒன்றுதான் என் பக்கம். பொங்கலுக்குப் பானை விற்பவர்கள் வந்திருந்தார்கள். அகல வாய்ப் பானையாக ஒன்று வாங்கி, மூன்று நாள் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொட்டி மண்வாசனை போக்கினேன். அதுவரை அவள் வாளியிலேயே இருந்தாள். பானையைச் சமையல்கட்டில் வெயில் படாத மூலையில் வைத்து, கோணியைச் சுற்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். குழாய்த் தண்ணீரில் மருந்து வாசனை இருக்கும் என்பதால் ஒரு நாள் திறந்து வைத்து, தினமும் பாதித் தண்ணீர் மாற்றினேன். நம்பர் பட்டையை வரும்போதே உரித்துக்கொண்டு வந்திருந்தேன். இருபத்தொன்றுக்கு மேல் போகவில்லை.

பக்கத்து வீட்டில் பாய் வீட்டம்மா. பூந்தமல்லியில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள், என்னைவிடச் சின்னவள். அவளைப் பானையில் விட்ட மறுநாளே எட்டிப் பார்த்துவிட்டாள்.

"யா அல்லா! அக்கா, பானைல பல்லி உழுந்து கீது, நீ பாத்துகினு நிக்கிற!"

"உழல. நான்தான் உட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"பிள்ள பெத்திருக்கா. ரெண்டு தடவ."

அவள் பானையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள். என் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தாள், கையில் ஐஸ் பாட்டில். "எங்க ஊட்டு பிரிட்ஜு பெரிசு, தினம் தரேன். ஆமா, பிள்ளைங்களுக்குக் காது எப்ப குத்துற?"

"காதே இல்லடி அதுங்களுக்கு."

"கம்மல் செலவு மிச்சம்" என்றாள்.

தண்ணீர் சரியாயிற்று, சாப்பாடுதான் ஆகவில்லை. வானகரத்துத் தீனி உருண்டையைப் போட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை விட என்ன இருக்கிறது என்று மார்க்கெட்டில் போய் வாங்கி, உப்பு காரம் இல்லாமல் வேகவைத்து, இத்துனூண்டு கிள்ளி வாயருகே நீட்டினேன். வாங்கினாள். எனக்கு மூச்சு வந்தது. உடனே துப்பினாள். சமையலில் என்னைக் குறை சொன்னவர்கள் என் மாமியாருக்குப் பிறகு இவள் ஒருத்திதான்.

அப்படியே எட்டு நாள். மாமியார் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எனக்கு இரண்டாவது பிறந்தபோது நாற்பதாம் நாளே கூப்பிட ஆள் வந்துவிட்டது. ஷிப்டுக்குப் போகிறவருக்குச் சோறு கட்ட ஆளில்லையாம். என் அம்மா இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமே என்று கேட்டாள். கேட்டாள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் அதே மாதம் எனக்கு மூன்றாவது பிறந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதம் என்னால் நிமிர்ந்து குடம் தூக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். தொட்டியில் இருக்கும் மாப்பிள்ளையும் நல்லவன்தான், கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேருக்குமே யாரும் இடையில் ஒரு கண்ணாடி வைக்கவில்லை.

ஆவடியில் செடி விற்கும் இடத்தில் மண்புழு உரம் கிடைக்கும் என்று பாய் வீட்டம்மா சொன்னாள். ஒரு மூட்டை வாங்கி, உரத்தை வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு, புழுவை மட்டும் பொறுக்கினேன். நன்றாகக் கழுவி, அவள் மூக்குக்கு முன்னால் ஒன்றை விட்டேன். அசைந்தது. அவள் தலை ஒரு நூல் அளவு திரும்பிற்று. பிறகு வாய் திறந்ததும் தெரியவில்லை, மூடியதும் தெரியவில்லை, புழுவைக் காணோம். அவ்வளவு வேகம்.

நான் ஒன்றும் அழவில்லை. கோணி காய்ந்திருந்தது, நனைத்தேன்.

பொங்கல் முடிந்து மகன் வந்தான். கையில் புது வாளி. அவளைப் பார்த்து, "அட, நல்லாத் தேறிட்டாளே! சூப்பர்மா. எடுத்துட்டுப் போறேன்" என்றான். கூட மருமகளும் பேத்தியும்.

"மூணு மாசம் ஆவட்டும்."

"அம்மா, இது பல்லிம்மா. மூணு மாசம் தாய் வீடு, சீர், பத்தியம்னு... வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"நீதான அபூர்வம்ன? எனக்குத்தான் பல்லி."

கோயம்புத்தூர்க்காரியான என் மருமகள் அதிகம் பேசமாட்டாள். அவள் பானைப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, எனக்கு ஆபீஸ்ல ஆறு மாசம் லீவு கொடுத்தாங்க. அதுவும் ஒண்ணே ஒண்ணு பெத்ததுக்கு. இது எத்தன பெத்துச்சு? உட்டுட்டு வாங்க."

புது வாளி காலியாகத் திரும்பிப் போயிற்று. பதினான்கு வருஷத்தில் அன்றைக்குத்தான் நானும் அவளும் ஒரு கட்சி. இருபது பேரில் எட்டுப் பேருக்குக் குட்டி கிடைத்தது. மிச்சம் பன்னிரண்டு பேரும் எப்படியோ உயிரோடுதான் இருக்கிறார்கள்.

மாசி வரைக்கும் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். மாசி முடியும்போது வெயில் ஏறிற்று. கோணியை எத்தனை தடவை நனைத்தாலும் நம்பர் இருபத்து நான்கு, இருபத்தைந்து. ஐஸ் பாட்டில் காலை இரண்டு, மாலை இரண்டு. ஒரு நாள் இருபத்தாறு காட்டியது, அவள் செவுள் லேசாக முன்னால் மடங்கிற்று. பங்குனி வெயிலை மண்பானை தாங்காது. இதை என் வாயால் ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாளாயிற்று. பிறகு நானே போன் செய்தேன். அவளை அனுப்புகிறேன், ஆனால் அதே தொட்டிக்கு அனுப்பமாட்டேன் என்றேன். இடமில்லை என்றான். ஹாலில் ஷோகேஸ் எதற்கு என்றாள் பின்னாலிருந்து மருமகள். அதில் அவன் பந்தயத்தில் ஜெயித்த பழைய கோப்பைகள் இருக்கின்றனவாம். அந்தக் கோப்பை ஒவ்வொன்றும் வாங்க அவன் ஓடிய ஓட்டத்தை நான் பார்த்தவள், அவற்றுக்கு இப்போது ஏசி தேவையில்லை என்றேன்.

இன்றைக்குக் காலையில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். போனில் போட்டோ காட்டினான். ஷோகேஸ் இருந்த இடத்தில் தனித் தொட்டி, தனிச் சில்லர், ஒளிய ஒரு குழாய், நம்பர் பட்டை பதினெட்டு. பக்கத்தில் பழைய தொட்டியில் மாப்பிள்ளை, கண்ணாடியில் தன்னையே பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறான். ஆட்டட்டும்.

எல்லாம் சரிதான். ஆனால் என் மகனை நான் அறிவேன். மிச்சம் பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள், சும்மா ஒரு பத்து நிமிஷம் சேர்த்து விட்டுப் பார்க்கலாம் என்று இவனுக்குத் தோன்றும். அதனால் வாளியில் இன்னும் அவளை எடுத்து விடவில்லை. நிச்சயதார்த்தத்தில் எல்லோர் முன்னாலும் பத்திரிகை வாசித்த பிறகுதானே தட்டு மாற்றுவார்கள்? அந்தப் பத்திரிகை மாதிரிதான் பத்து நாளாகக் கூட்டிக் கூட்டி இந்த நோட்டில் இதை எழுதினேன்; என் கண்டிஷன் இதுதான். அவள் மறுபடி அவனோடு சேர்வதானால், உடம்பு தலை அகலத்துக்குத் தேறி, நான் கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். அதுவும் அவள் ஆயுசில் இன்னும் ஒரே ஒரு தடவை. கஞ்சி ஊற்றமாட்டேன் என்று நானும் இதில் ஒப்புக்கொள்கிறேன்.

"இந்தா கண்ணு, நோட்டப் புடி. மொதல்லேர்ந்து படி. தப்பு இருந்தா திருத்தாத, என்னாண்ட சொல்லு. மெதுவாப் படி, ஆனா சத்தமாப் படி. உங்கப்பன் வாளிய மடில வெச்சிகினு அங்கதான் குந்திகினு கீறான். அவனுக்கும் கேக்கட்டும்."